லினக்ஸ் கைபேசியில் காணொளி ஏன் திணறுகிறது? சிப்பிலிருந்து திரை வரை ஒரு விளக்கம்

ஆண்ட்ராய்டு இருந்தவரை 1080பி காணொளியைத் தடங்கலின்றி ஓட்டிய ஒரு கைபேசி, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் அல்லது மோபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய பிறகு அதே காணொளிக்குத் திணறுகிறது. படம் விட்டுவிட்டு நகர்கிறது, கைபேசியின் பின்புறம் சூடாகிறது, மின்கலம் கண்ணெதிரே குறைகிறது. சிப்பு அதேதான், திரையும் அதேதான். அப்படியிருக்க என்ன மாறியது என்ற கேள்வி எழுவது இயல்பு.

சிங்கப்பூரில் இக்கேள்விக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒப்பந்தம் முடிந்ததும் புதிய கைபேசிக்கு மாறுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டதால், நல்ல நிலையிலுள்ள பழைய கைபேசிகள் வீட்டு இழுப்பறைகளில் கிடக்கின்றன. கேரோசெல் என்னும் இணையவழிப் பழம்பொருள் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கின்றன. மின்கழிவுக்குத் தயாரிப்பாளர்களைப் பொறுப்பாக்கும் திட்டம் 2021 ஜூலை 1 முதல் இங்கு நடப்பில் இருக்கிறது. ஆயினும் மறுசுழற்சித் தொட்டிக்குப் போகுமுன் ஒரு கைபேசி இன்னும் சில ஆண்டுகள் உழைக்குமானால் அதுவே சிறந்தது. அவ்வாறு உழைக்க வைக்க முயல்வோரில் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் காணொளி. இக்கட்டுரை அந்த இடத்தை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

டிகோடிங் என்பது என்ன, அதைச் செய்வது யார்

1080பி காணொளியின் ஒரு சட்டகத்தில் (ஃப்ரேமில்) 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள் உள்ளன. காணொளிகளில் வழக்கமாகப் பயன்படும் நிறமுறையில் ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் தேவைப்படுவதால், ஒரு சட்டகம் ஏறத்தாழ 3.1 மெகாபைட் ஆகிறது. நொடிக்கு 30 சட்டகங்கள் என்றால் நொடிக்கு 93 மெகாபைட். இணையத்தின் வழியே நமக்கு வந்து சேர்வதோ இதன் மிகச் சிறிய பகுதிதான். முழுச் சட்டகங்களை அவ்வப்போது மட்டும் அனுப்பி, இடைப்பட்டவற்றுக்கு "முந்தைய சட்டகத்தின் இந்தப் பகுதி இவ்வளவு நகர்ந்துள்ளது, இவ்வளவு மாறியுள்ளது" என்ற விவரத்தை மட்டும் அனுப்புவதால் இச்சுருக்கம் சாத்தியமாகிறது. சுருக்கும் விதிமுறைக்குக் கோடெக் என்று பெயர். எச்.264, எச்.265, விபி9, ஏவி1 ஆகியவை இன்று பரவலாக வழங்கும் கோடெக்குகள். சுருங்கி வந்ததைச் சட்டகங்களாக மீட்டெடுக்கும் வேலைதான் டிகோடிங்.

கைபேசிச் சிப்பில் இந்த வேலையைச் செய்யக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, பொதுவான கணக்குகளைச் செய்யும் சிபியு. அதற்கு எந்தக் கோடெக்கும் கைவரும். ஆனால் ஒவ்வொரு கணக்கையும் மென்பொருள் வழியாகவே போட வேண்டியிருப்பதால் மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். மற்றொன்று, டிகோடிங்குக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்ட தனி மின்சுற்று. குவால்காம் சிப்புகளில் இதற்கு வீனஸ் என்று பெயர். லினக்ஸுக்கென்றே தயாரான லிப்ரெம் 5 கைபேசியின் ஐ.எம்எக்ஸ் 8எம் சிப்பில் ஹான்ட்ரோ. அதே வகைக் கைபேசியான பைன்ஃபோனின் ஆல்வின்னர் ஏ64 சிப்பில் சீடார். அதற்குத் தெரிந்த கோடெக்குகள் சிலவே என்றாலும், அவற்றைச் சிபியு செலவிடும் மின்சாரத்தின் சிறு பங்கைக் கொண்டே முடித்துவிடும். வன்பொருள் முடுக்கம் என்பது டிகோடிங்கை இந்தச் சுற்றிடம் ஒப்படைப்பதுதான்.

இங்கே பரவலான ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும். படம் வரையும் ஜிபியுவும் காணொளி டிகோடரும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே சிப்பில் இருந்தாலும் வெவ்வேறு சுற்றுகள்; அவற்றை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களும் வெவ்வேறு. பைன்ஃபோனின் மாலி-400 ஜிபியுவுக்கான லிமா டிரைவர் 2019இல், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலின் 5.2 பதிப்பில் சேர்ந்தது, அதனால் சாளரங்கள் வழுக்கி ஓடின. அந்த டிரைவருக்கும் காணொளி டிகோடிங்குக்கும் தொடர்பில்லை. "ஜிபியு வேலை செய்கிறது" என்று ஒரு கைபேசியின் விவரப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பி வாங்கி ஏமாற்றமடைபவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே.

ஆண்ட்ராய்டில் இது எப்படி நடக்கிறது

ஆண்ட்ராய்டின் அடித்தளமும் லினக்ஸ் கெர்னல்தான். அதன் மேலே அமைந்திருப்பவை வேறு. ஒரு செயலி காணொளியை ஓட்டக் கேட்டதும், அக்கோரிக்கை மீடியாகோடெக் என்ற இடைமுகத்தின் வழியாகச் சிப்பு நிறுவனம் எழுதிய மூடிய மென்பொருளுக்குச் செல்கிறது. அம்மென்பொருள், அதே நிறுவனம் மாற்றியமைத்த கெர்னலுடன் தனக்கே உரிய முறையில் பேசி டிகோடரை இயக்குகிறது. கைபேசி விற்பனைக்கு வருமுன் இவை அனைத்தும் ஒன்றோடொன்று பொருத்திச் சோதிக்கப்படுகின்றன.

அந்த மூடிய மென்பொருள் ஆண்ட்ராய்டின் பயோனிக் என்னும் அடிப்படை நூலகத்தை நம்பி எழுதப்பட்டது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழிவந்த மோபியன் அதற்குப் பதிலாக ஜிலிப்சி என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. ஆல்பைன் வழிவந்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் மஸ்லைப் பயன்படுத்துகிறது. ஆகவே ஆண்ட்ராய்டிலிருந்து அந்த மூடிய மென்பொருளை நகலெடுத்து வந்து லினக்ஸில் வைத்தால் அது இயங்காது. இதற்கு விடையாக இரண்டு வழிகள் உருவாயின.

இரண்டு வழிகளும் அவற்றின் விலையும்

முதல் வழி லிப்ஹைப்ரிஸ். பயோனிக்குக்காக எழுதப்பட்ட டிரைவர்களைச் சாதாரண லினக்ஸ் நிரல்கள் அழைக்க வழிசெய்யும் இணைப்பு மென்பொருள் இது. ஜொல்லாவின் செயில்ஃபிஷ் ஓஎஸ் தொடக்கம் முதலே இதை நம்பியிருக்கிறது. உபுண்டுவின் நிறுவனமான கனானிக்கல் 2017இல் கைவிட்ட பிறகு யூபிபோர்ட்ஸ் குழு எடுத்து நடத்தும் உபுண்டு டச் இயங்குதளமும் பெரும்பாலான கைபேசிகளில் இதன் மேல்தான் இயங்குகிறது. ஆண்ட்ராய்டின் கெர்னலும் மூடிய மென்பொருளும் அடியில் அப்படியே இருப்பதால், சிப்பு நிறுவனத்தின் டிகோடரையே பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. இன்று, இப்போதே காணொளி ஓட வேண்டுமென்றால் இவ்வழியே எளிது.

விலை பின்னால் தெரியவரும். அடியிலிருக்கும் கெர்னல், சிப்பு நிறுவனம் கைவிட்ட பதிப்பிலேயே நின்றுவிடும். குவால்காமின் ஸ்னாப்டிராகன் 845 சிப்பு கொண்ட கைபேசிகளின் ஆண்ட்ராய்டுக் கெர்னல் 4.9 பதிப்பு. அதற்குப் பிறகு லினக்ஸில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களையும் முன்னேற்றங்களையும் யாராவது பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டுமே அக்கைபேசிக்கு அவை கிட்டும். பழைய கைபேசியின் ஆயுளை நீட்டுவதற்காகவே ஒருவர் லினக்ஸுக்கு மாறுகிறார் என்றால், இவ்வழி அந்த நோக்கத்தைப் பாதியளவே நிறைவேற்றுகிறது.

இரண்டாவது வழி மெயின்லைன், அதாவது எவருக்கும் பொதுவான அதிகாரபூர்வ லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவரைத் திறந்த நிரலாக எழுதிச் சேர்ப்பது. இது மெதுவான வழி. ஆனால் ஒரு டிரைவர் உள்ளே சேர்ந்துவிட்டால், தயாரிப்பாளர் அந்தக் கைபேசியை மறந்த பிறகும் ஒவ்வொரு புதிய கெர்னலோடும் அது தொடர்ந்து வரும். என் மதிப்பீட்டில், காணொளி சற்றுத் தாமதமாகச் சரியானாலும் நிலைத்து நிற்கக்கூடியது இவ்வழியே. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன், லிப்ரெம் 5இன் பியூர்ஓஎஸ் ஆகியவை முதன்மையாக இதையே பின்பற்றுகின்றன. திணறல் பற்றிய புகார்களும் பெரும்பாலும் இங்கிருந்தே வருகின்றன என்பதால், கட்டுரையின் மீதிப் பகுதி இவ்வழியைப் பற்றியதே.

ஸ்டேட்ஃபுல், ஸ்டேட்லெஸ்: டிரைவர் எழுதுவது ஏன் கடினமாயிற்று

லினக்ஸ் கெர்னலில் காணொளிச் சாதனங்களுக்கான பொது இடைமுகம் வி4எல்2. டிகோடர்கள் அதனுள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. இந்தப் பிரிவைப் புரிந்துகொண்டால் பல புதிர்கள் அவிழும்.

ஸ்டேட்ஃபுல் டிகோடர், சுருங்கிய தரவைத் தானே படித்து, எந்தச் சட்டகத்திலிருந்து எதைக் கட்ட வேண்டும் என்பதைத் தானே நினைவில் வைத்திருக்கும். அதற்குள் ஒரு சிறு செயலாக்கியும், அதில் ஓடும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருளும் இருக்கும். குவால்காமின் வீனஸ் இவ்வகை. அதன் டிரைவர் 2017இல் கெர்னல் 4.13இல் சேர்ந்தது. ஸ்டேட்லெஸ் டிகோடருக்கு நினைவு கிடையாது. பட்டியலைக் கையில் கொடுத்தால் சமைத்து முடிக்கும் சமையற்காரர் முன்னது என்றால், "இப்போது இந்தப் பாத்திரம், இவ்வளவு உப்பு" என்று ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டிய கையாள் பின்னது. சொல்லும் பொறுப்பு மென்பொருளுடையது. ஒவ்வொரு சட்டகத்தின் முகப்பையும் பிரித்துப் படித்து, அதைக் கட்ட ஆதாரமாகும் சட்டகங்கள் எவை என்று கணக்கிட்டு, அனைத்தையும் அந்தச் சட்டகத்தோடு கட்டிக் கெர்னலுக்கு அனுப்ப வேண்டும். ஆல்வின்னர், ஹான்ட்ரோ, ராக்சிப் டிகோடர்கள் இவ்வகை.

ஸ்டேட்லெஸ் டிகோடர்களின் சுற்று எளியது, மூடிய ஃபர்ம்வேரும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. திறந்த மென்பொருளை விரும்புவோருக்கு இது பெரிய நன்மை. ஆனால் கெர்னலில் அதற்கான பேச்சுமொழியே முன்பு இருக்கவில்லை. அதை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2018இல் பூட்லின் என்ற பிரெஞ்சு நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஆல்வின்னருக்கான சீட்ரஸ் டிரைவரை எழுதியது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த கெர்னல் 4.20இல் அதுவும், சட்டகத்தையும் அதற்கான விவரங்களையும் ஒன்றாகக் கட்டி அனுப்ப உதவும் ரிக்வெஸ்ட் ஏபிஐ என்ற இடைமுகமும் சேர்ந்தன. எச்.264க்கான இடைமுகம் நிலையானது என்று அறிவிக்கப்பட்டது 2021இல், கெர்னல் 5.11இல்தான். விபி9 2022இல் கெர்னல் 5.17இல் நிலைபெற்றது, எச்.265உம் அதே ஆண்டில் நிலைபெற்றது.

இந்தத் தேதிகளுக்கு ஒரு விளைவு உண்டு. இடைமுகம் நிலைபெறாதவரை, மேலேயுள்ள மென்பொருள்கள் அதை நம்பி எழுதத் தயங்கின. எழுதியவையும் அடுத்த கெர்னலில் உடைந்தன. பைன்ஃபோனின் முதல் பதிப்பு 2020இன் தொடக்கத்தில் பயனர் கைகளுக்கு வந்தபோது, அதன் டிகோடருக்கு டிரைவர் இருந்தும் காணொளிகள் சிபியுவிலேயே ஓடியதற்குக் காரணம் இதுவே. குறை சிப்பில் இருக்கவில்லை.

வீனஸ் போன்ற ஸ்டேட்ஃபுல் வகையில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் அது விழித்தெழாது. விற்பனைக்கு வந்த பெரும்பாலான கைபேசிகளில் அக்கோப்பு அந்தத் தயாரிப்பாளரின் கையொப்பத்தைக் கொண்டிருக்க வேண்டும் என்பதால், ஒரே ஸ்னாப்டிராகன் 845 சிப்பு இருந்தாலும் ஒன்பிளஸ் 6இன் கோப்பைப் போக்கோ எஃப்1இல் வைத்துப் பயனில்லை.

நடுவிலுள்ள மென்பொருள்கள்

டிரைவர் சரியாக இருந்தாலும் காணொளிச் செயலி அதனுடன் நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் ஜிஸ்ட்ரீமர் அல்லது எஃப்எஃப்எம்பெக் என்ற நூலகம் நிற்கிறது. எந்தச் செயலி எதைச் சார்ந்தது என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஜிஸ்ட்ரீமர் ஸ்டேட்லெஸ் டிகோடர்களுக்கான ஆதரவை 2020இல் வெளிவந்த 1.18 பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டது. அதனால் அதன் மேல் எழுதப்பட்ட லிவி, கிளாப்பர் போன்ற காணொளி இயக்கிகளில் (பிளேயர்களில்) வன்பொருள் டிகோடிங் அமையும் வாய்ப்பு அதிகம். எஃப்எஃப்எம்பெக்கில் ஸ்டேட்ஃபுல் டிகோடர்களுக்கான ஆதரவு முன்பே இருந்தது. ஸ்டேட்லெஸ் ஆதரவோ பல ஆண்டுகள் மூல நிரலுக்கு வெளியே தனித் திருத்தங்களாகவே சுற்றி வந்தது. லிப்ரெலெக் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் அத்திருத்தங்களைத் தாமே சேர்த்துக் கட்டின, மற்றவை சேர்க்கவில்லை. எம்பிவி இயக்கி ஒருவரின் கைபேசியில் வழுக்கி ஓடி, அதே மாதிரிக் கைபேசியில் வேறு இயங்குதளம் வைத்திருப்பவருக்குத் திணறுவது இதனால்தான்.

உலாவிகள் நிலைமை இன்னும் பின்தங்கியது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2023இல் வந்த 116ஆம் பதிப்பில் வி4எல்2 ஸ்டேட்ஃபுல் டிகோடர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. ராஸ்பெர்ரி பை 4 போன்ற சிறு கணினிகளை மனத்தில் வைத்து எச்.264க்குச் செய்யப்பட்ட வேலை அது. குரோமியத்தில் உள்ள வி4எல்2 நிரல் குரோம்புக்குகளுக்காக வளர்ந்தது. சாதாரண லினக்ஸ் கட்டமைப்புகளில் அது தானாக இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே உலாவிக்குள் காணொளி பார்ப்பவருக்கு, அடியில் அனைத்தும் சரியாக இருந்தாலும் சிபியுவே சுமக்க நேரிடும்.

டிகோடரிலிருந்து திரை வரை

டிகோடர் கட்டி முடித்த சட்டகம் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. அதைச் சிபியு எடுத்து, நிறமுறையை மாற்றி, வேறிடத்தில் நகலெடுத்து வைத்தால், டிகோடரால் மிச்சமான மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த நகலெடுப்பிலேயே போய்விடும். புள்ளிக்கு 32 பிட் வீதம் மாற்றினால் நொடிக்கு 30 சட்டகங்களுக்கு ஏறத்தாழ 249 மெகாபைட் எழுத வேண்டும், அதற்குமுன் 93 மெகாபைட் படிக்க வேண்டும். பைன்ஃபோன் சிபியுவின் நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கருக்களுக்கு (கணக்கிடும் அலகுகளுக்கு) இது சிறிய சுமையல்ல.

தீர்வு, சட்டகத்தை நகர்த்தாமல் அது இருக்கும் இடத்தின் கைப்பிடியை மட்டும் ஒரு சாதனத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொடுப்பது. டிஎம்ஏ-பஃப் என்ற கெர்னல் வசதி இதற்காகவே உள்ளது. டிகோடர் கொடுத்த கைப்பிடியைச் செயலி வேலேண்ட் என்ற காட்சி நெறிமுறை வழியாகத் திரை மேலாளரிடம் ஒப்படைக்க, திரைக் கட்டுப்பாட்டுச் சுற்று அதை நேரடியாகப் படித்துக் காட்டிவிடும். செயலிகளின் சாளரங்களை அமைக்க உதவும் ஜிடிகே கருவித்தொகுப்பு 2024 மார்ச்சில் வந்த 4.14 பதிப்பில் இவ்வழியைச் செயலிகளுக்குத் திறந்துவிட்டது. இச்சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அந்த நிறமுறையை ஏற்க மறுத்தால், மென்பொருள் எச்சரிக்கை எதுவுமின்றி நகலெடுப்புக்குத் திரும்பிவிடும். வன்பொருள் டிகோடர் இயங்கிக்கொண்டிருந்தும் படம் திணறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இடத்தையே.

கோடெக் பொருந்தாவிட்டால்

யூடியூப் தன் காணொளிகளை எச்.264, விபி9, ஏவி1 என்று பல வடிவங்களில் வைத்திருக்கிறது. உலாவி ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் பின்னிரண்டில் ஒன்றையே அனுப்புகிறது. ஆல்வின்னர் ஏ64க்கு எச்.264, எச்.265 தெரியும், விபி9 தெரியாது. ஸ்னாப்டிராகன் 845க்கு விபி9 தெரியும், ஏவி1 தெரியாது. குவால்காம் சிப்புகளில் ஏவி1 டிகோடர் 2022இல் அறிமுகமான ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2இல்தான் வந்தது. மேற்சொன்ன சங்கிலி முழுவதும் பிழையின்றி இருந்தாலும், பொருந்தாத கோடெக்கில் வரும் காணொளி சிபியுவுக்குத்தான் போகும்.

காப்புரிமையும் இங்கே குறுக்கிடுகிறது. எச்.264, எச்.265 ஆகியவற்றின் மீதான உரிமங்களைக் கருத்தில்கொண்டு ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளம் 2022 செப்டம்பரில் மேசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பிலிருந்து அக்கோடெக்குகளுக்கான வன்பொருள் முடுக்கத்தை நீக்கியது. அது முதன்மையாகக் கணினிகளைப் பாதித்த மாற்றம். ஆனாலும் வன்பொருளும் டிரைவரும் இருந்தும் இயங்குதளத் தொகுப்பிலேயே வசதி இல்லாமற்போகலாம் என்பதற்கு அது சான்று.

நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் தனி வகை. அவை வைட்வைன் என்ற நகல்தடுப்புப் பூட்டைப் பயன்படுத்துகின்றன. உயர் தரத்துக்குத் தேவையான எல்1 நிலை, கைபேசிச் சிப்பின் பாதுகாப்பான பகுதியையும் தயாரிப்பாளரின் சான்றையும் கேட்கிறது. மெயின்லைன் லினக்ஸ் ஏற்றிய கைபேசியில் அது கிடைக்காது. எந்த டிரைவரும் இதைத் தீர்க்காது என்பதால், வன்பொருள் முடுக்கம் பற்றிய பேச்சோடு இதைக் கலக்காதிருப்பது நல்லது.

வாங்குமுன்னும் நிறுவிய பின்னும் பார்க்க வேண்டியவை

1. சிப்பின் பெயரைக் கண்டுபிடித்து, அதன் டிகோடருக்கு எந்தக் கோடெக்குகள் தெரியும் என்றும், அதற்கு மெயின்லைன் டிரைவர் உள்ளதா என்றும் பாருங்கள். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் விக்கியில் ஒவ்வொரு கைபேசிக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் ஜிபியு பற்றிய வரியோடு நின்றுவிடாதீர்கள்.

2. பைன்ஃபோன், லிப்ரெம் 5 இரண்டின் திரையும் 720 × 1440 புள்ளிகள் கொண்டது. கிடைமட்டமாகப் பிடித்தால் 720பி காணொளி அந்த உயரத்தில் அப்படியே பொருந்தும். 1080பி காணொளிக்கு 2.25 மடங்கு புள்ளிகளை டிகோட் செய்து, பிறகு அவற்றைச் சுருக்கிக் காட்ட வேண்டும். கண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 720பி, எச்.264 என்று வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள இயக்கியைப் பயன்படுத்துங்கள். என் கருத்தில், இப்பட்டியலில் உடனடிப் பலன் தருவது இதுவே.

3. உலாவியை விட்டு, ஜிஸ்ட்ரீமர் அடிப்படையிலான இயக்கியில் அதே காணொளியை ஓட்டிப் பாருங்கள். அங்கே சிபியுவின் சுமை குறைவாகவே இருந்து படம் சீராக ஓடினால் டிரைவரும் ஃபர்ம்வேரும் சரியாக உள்ளன என்று பொருள். குறை உலாவியில் இருக்கிறது.

4. செயலிகளைத் தனிப்பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய செயலிகளுக்கு ஜிபியு அனுமதி மட்டும் இருந்தால், காணொளி டிகோடர் சாதனம் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. எல்லாச் சாதனங்களுக்குமான அனுமதியைக் கொடுத்தால் தெரியும். அது பாதுகாப்பைத் தளர்த்தும் என்பதால், நம்பகமான இயக்கிக்கு மட்டும் கொடுங்கள்.

5. ஓடும்போது சிபியுவின் சுமையைக் கவனியுங்கள். 1080பி காணொளிக்கு எல்லாக் கருக்களும் உச்சத்தை நெருங்கினால் டிகோடிங் மென்பொருளில் நடக்கிறது. பகல் வெப்பம் 31, 32 டிகிரியைத் தொடும் இந்த ஊரில், அப்படி ஓடும் சிப்பு விரைவில் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; முதல் ஐந்து நிமிடம் சீராக ஓடிய படம், ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து பாசிர் ரிஸ் போகும் ரயில் பாதி வழியை எட்டுமுன் திணறத் தொடங்குவது இதனால்தான்.

6. சிறிய காணொளிகள் ஓடி, பெரியவை மட்டும் தோற்றால் நினைவக ஒதுக்கீட்டைச் சந்தேகியுங்கள். சீட்ரஸ், ஹான்ட்ரோ போன்ற டிகோடர்களுக்குத் தொடர்ச்சியான நினைவகப் பகுதி வேண்டும். கெர்னல் அதற்காக ஒதுக்கிவைக்கும் சிஎம்ஏ பகுதி சிறிதாக இருந்தால், ஒவ்வொன்றும் 12.4 மெகாபைட் கொள்ளும் 4கே சட்டகங்களுக்கு அதில் இடம் போதாது.

இவற்றுக்குப் பிறகும் சரியாகாவிட்டால், அந்த இயங்குதளத்தின் குழுவிடம் தெரிவியுங்கள். "காணொளி ஓடவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்து எவராலும் எதையும் செய்ய இயலாது. கைபேசியின் மாதிரி, கெர்னல் பதிப்பு, காணொளியின் கோடெக்கும் அளவும், இயக்கியின் பெயர், ஓட்டும்போது கெர்னல் பதிவேட்டில் தோன்றிய வரிகள் ஆகிய ஐந்தையும் சேர்த்து அனுப்பினால், சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்பதை டிரைவர் எழுதுபவர் உங்கள் கைபேசியைத் தொடாமலே கண்டறிய முடியும்.